கன்று போட்டு அஞ்சு மாசம், மாடு பருவத்துக்கு வரல: சினைப்பையில என்ன கோளாறு?

கேள்வி (தொண்டி):
நாட்டு மாடு, ரெண்டாம் ஈத்து. கன்று இன்னும் கூடவே சுத்தி ஊட்டுது. பருவத்துக் கத்தலும் இல்ல, வழும்பு ஒழுகலும் இல்ல. கையை விட்டுப் பார்த்துட்டு, "சினைப்பை சின்னதா இருக்கு, ஹார்மோன் ஊசி போடலாம்"ங்கிறாங்க. நீர்க்கட்டியா இருக்குமோ? ஒரு தடவை பார்த்தது போதுமா?

பதில் 1:
போதாது. முதல்ல சினை இல்லைன்னு உறுதி பண்ணுங்க. பருவத்துக்கு வர வைக்கப் போடுற புரோஸ்டாகிளாண்டின் ஹார்மோன் ஊசியை சினை மாட்டுக்குப் போட்டா சினை கலைஞ்சிடும். அப்புறம் 10, 11 நாள் விட்டு மறுபடியும் பார்க்கச் சொல்லுங்க. பருவச் சுழற்சி 21 நாள். அதுல 5-ம் நாள் தொட்டு 17-ம் நாள் வரைக்கும் சினைப்பை மேல, முட்டை வெடிச்ச இடத்துல உருவாகுற கார்பஸ் லூட்டியம்ங்கிற மேடு துருத்திக்கிட்டு கைக்குத் தட்டுப்படும். அதனால ரெண்டு தடவையில ஒரு தடவையாவது சிக்கணும். சிக்கினா சினைப்பை வேலை செய்யுது, அது ஊமைப் பருவம், அதாவது பருவம் வந்தும் அறிகுறி வெளிய தெரியல. விடியக்காலையும் ராத்திரியும் கவனிக்கணும். ரெண்டு தடவையும் ரெண்டு பக்கமும் மேடு பள்ளமே இல்லாம, மொச்சைக்கொட்டை கணக்கா வழவழன்னு இருந்தா, சினைப்பை ஓய்ஞ்சு கிடக்கு. அந்த மாட்டுக்குப் புரோஸ்டாகிளாண்டின் வீண். கரைக்கிறதுக்குக் கார்பஸ் லூட்டியம் இருந்தாத்தான் அந்த ஊசி பிடிக்கும்.

பதில் 2:
நீர்க்கட்டின்னா சினைப்பை பெருசா இருக்கும். 2.5 செ.மீ.க்கு மேல நீர் கோத்து, 10 நாள் கழிச்சும் வத்தாம இருக்கும். கத்தல் இல்லைங்கிறதை வச்சு கட்டி இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க, கட்டி இருந்தும் சாதுவா நிக்கிற மாடு நிறைய. ஸ்கேன்ல கட்டியோட சுவர் 3 மி.மீ.க்குக் குறைவா இருந்தா புசெரெலின்ங்கிற ஹார்மோன் ஊசி 20 மைக்ரோகிராம். தடிமனா இருந்தா புரோஸ்டாகிளாண்டின். கையால நசுக்கி உடைக்க மட்டும் விடவே விடாதீங்க. ரத்தம் கசிஞ்சு சினைப்பை சுத்தி ஒட்டிக்கிச்சுன்னா அந்தப் பக்கம் அவ்வளவுதான்.

பதில் 3:
நீங்க சொல்றதைப் பார்த்தா கன்று ஊட்டுறது மேலதான் எனக்குச் சந்தேகம். கன்று பக்கத்துல நின்னு ஊட்ட ஊட்ட, மூளையிலேருந்து எல்.ஹெச். ஹார்மோன் சரியா வராது, சினைமுட்டை முதிராது. இறைச்சிக்கு வளர்க்கிற மாடுங்களுக்கும் இதே தொல்லைதான், கன்று எந்நேரமும் தாயோடவே திரியும். ஓய்ஞ்ச சினைப்பைன்னு உறுதியானா, புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மெல்லக் கசியுற சாதனத்தை 7 நாள் பிறப்புறுப்புல வச்சு எடுப்பாங்க. எடுக்கிற அன்னைக்கே கன்றை 48 மணி நேரம் தாய் கண்ணுல படாத இடத்துல கட்டுங்க. சில நாட்டு மாடு கன்று இல்லாம பால் இறக்காது, மடி கல்லாகுதான்னு பார்த்துக்கிட்டே இருங்க.

விலா எலும்பு எண்ணுற மாதிரி இருந்தா இது எதுவும் ஏறாது. நம்ம கரையோரம் கோடையில வெறும் வைக்கோல்தான்; அதுல புரதமும் பாஸ்பரசும் ரொம்பக் கம்மி. புண்ணாக்கு, தவிடோட தாது உப்பு தினம் 30–50 கிராம் கொடுத்து உடம்பைத் தேத்திட்டு அப்புறமா ஊசிக்குப் போங்க.