முள்ளோடைக்கு மட்டும் சீட் பெல்ட் போடும் அப்பா

கேள்வி (மஞ்சக்குப்பத்திலிருந்து):
என் தந்தைக்கு 61 வயது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வாரத்தில் நான்கு நாள் தாமே காரை ஓட்டிச் செல்கிறார். எச்சரிக்கை ஒலி எழாதபடி பக்கிளில் ஒரு வெற்றுக் கிளிப்பைச் செருகிவிட்டு, வழியில் புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையில் போலீசார் நின்றால் மட்டும் பெல்ட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். ஏர்பேக் இருக்கிறது, தூரமும் குறைவு, வெள்ளைச் சட்டையில் அழுக்குக் கோடு விழுகிறது என்று மூன்று காரணங்கள் சொல்கிறார். அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத நான் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

பதில் (அரியாங்குப்பத்திலிருந்து, கார் பழுதுபார்ப்பவர்):
ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணையாகச் செய்யப்பட்டதே தவிர, அதற்கு மாற்று அன்று. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் வெடித்து விரியும் அந்தப் பையின்மீது, பெல்ட் அணியாதவர் முன்னோக்கிப் பாய்ந்து மோதினால் பையே காயப்படுத்தக்கூடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த வேகத்தை எட்டப் புதுச்சேரி வரை போக வேண்டியதில்லை, ரெட்டிச்சாவடிக்கு முன்பே எட்டிவிடலாம். நிறுத்திய காரில் பெல்ட்டை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள், வரும். வெடுக்கென்று இழுக்கச் சொல்லுங்கள், அப்படியே பூட்டிக்கொள்ளும். நான் பேசுவதைவிட அது நன்றாகப் பேசும்.

பதில் (நெல்லிக்குப்பத்திலிருந்து):
மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, பெல்ட் அணியாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். ஆனால் அபராதத்தைச் சொல்லி மிரட்டினால், போலீசார் இல்லாத இடத்தில் கழற்றலாம் என்ற எண்ணமே அவருக்கு உறுதிப்படும். தங்கள் தாயார் பின்னிருக்கையில் பெல்ட் அணிகிறாரா? 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நடந்த விபத்தில் உயிரிழந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல்தான் இருந்தார். பின்னால் கட்டப்படாமல் இருப்பவர் முன்னிருப்பவரின் முதுகில் வந்து மோதுவார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வெடுக்கென்று இழுத்துக் காட்டினேன். மூன்று முறை தாமே இழுத்துப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் கிளிப்பைக் கழற்றிவிட்டார். அழுக்குக் கோட்டுக்குக் காரணம், பல ஆண்டுகளாக இழுக்கப்படாத பெல்ட்டில் படிந்த தூசிதான். முழுவதும் வெளியே இழுத்து, மென்மையான சோப்பு நீரால் துடைத்து, உள்ளே சுருண்டுவிடாமல் ஒரு துணிக் கிளிப்பால் பிடித்து நிழலில் உலரவிட்டிருக்கிறேன். வாளி நீர் தேநீர் நிறத்துக்கு மாறிவிட்டது. பின்னிருக்கைப் பக்கிள்கள் மெத்தைக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. நாளை அவற்றையும் வெளியே எடுக்க வேண்டும்.