ஃபாங்ஜி வேர்த்தூளில் ஒரு சந்தேகம்: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தில் சீன மூலிகை மருந்துகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த வாரம் வந்த ஃபாங்ஜி வேர்த்தூள் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை.

உண்மையான ஃபாங்ஜியான ஸ்டெஃபேனியா வேரில் இருக்கும் டெட்ராண்ட்ரின் என்ற ஆல்கலாய்டு தெளிவாகத் தெரிகிறது; ஆகவே பெரும்பகுதி அந்த வேர்தான். ஆனால் எச்பிஎல்சி (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக்காட்டும் கருவி) வரைபடத்தில், சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம்-1 வெளிவரும் நேரத்தை ஒட்டி ஒரு சிறிய முகடு. அந்த அமிலம் ஒளியை உறிஞ்சும் அலைநீளங்களில், 250 நானோமீட்டரில் முகடு தெரிகிறது. 390-இல் இரைச்சலோடு கலந்துவிடுகிறது. தூளாக வந்துவிட்டதால் வேரின் குறுக்குவெட்டைப் பார்க்கவும் வழியில்லை.

பெயர்க் குழப்பத்தால், அந்த அமிலம் உள்ள குவாங் ஃபாங்ஜி என்ற வேறொரு செடியின் வேர் இடம்மாறிச் சேர்ந்ததும், 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ‘மிகக் குறைந்த அளவுதானே’ என்று கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து நிறை நிறமாலைமானியில் (மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் கருவி) அந்த அமிலத்துக்குரிய, 359-இலிருந்து 298 என்ற நிறை மாற்றத்தைப் பார்க்கப்போகிறேன். ஃபாங்ஜியில் இதைச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? ஆல்கலாய்டுகள் மிகுந்திருப்பதால் சமிக்ஞை அமுங்குகிறதா? பிரித்தெடுக்கும்போது மெத்தனாலோடு எவ்வளவு ஃபார்மிக் அமிலம் சேர்த்தீர்கள்? திங்கட்கிழமை அறிக்கை தரவேண்டும். அதற்குள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.