புதுப்பிப்பு: பண்டி கறுப்பாய்க் கழியிறது – அப்பச்சோடாவா, அரைப்பா?
போன மாதம் கேட்டது: பண்டிகள் தார்போலக் கறுப்பாய்க் கழிஞ்சு, காது வெளிறி, தீன் தின்னுறதைக் குறைச்சது; இது இரைப்பைப் புண்தான், என்ன செய்யலாம் எண்டு. மறுமொழி தந்த எல்லாருக்கும் நன்றி.

100 கிலோ தீனுக்கு 1 கிலோ அப்பச்சோடா (கறியுப்பைக் குறைச்சு) இரண்டு கிழமை குடுத்தும் பெரிய வித்தியாசமில்லை. பலன் தந்தது, 'சோளத்தை மா மாதிரி அரைக்காதேங்கோ' எண்டவரின் யோசனைதான். மில்லில் 3 மில்லிமீற்றர் சல்லடையை எடுத்து 6 போட்டு, பண்டிக்கு ஒரு கைபிடி நறுக்கின வைக்கலும் சேர்த்தம். பத்து நாளில் மலம் பழைய நிறம். பட்டுப்போல அரைச்ச மா இரைப்பைக்குள்ள கூழாய்க் கலங்கி, அமிலத்தை உணவுக்குழாய் வந்து சேருற மேல்பக்கம் ஏத்துது; அங்கை காக்கச் சளிப்படலம் இல்லை, அதாலை புண் வருது.

எதிர்பாராதது: பரும் அரைப்பில் தீன் கொஞ்சம் கூடச் செலவாகுது. ஒரு பண்டி மட்டும் திண்டவுடனை கக்குது. ஆறின புண் தழும்பாகி உணவுக்குழாய் வாயை ஒடுக்கினால் அப்பிடித்தான். அதுக்குத் தீனில் மருந்தில்லை.