லேயிலிருந்து நாகர்கோவில்: ஓசூர் வந்தாச்சு, மிச்ச தூரம் ராத்திரியா பகலா?

தோவாளைக்காரன்:
லடாக் போயிட்டுத் தனியா திரும்பிட்டிருக்கேன். வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். இப்போ ஓசூர்ல ரூம் போட்டிருக்கேன். வீட்டுக்கு இன்னும் ஏறக்குறைய 620 கிலோமீட்டர். தமிழ்ல ஊர்ப் பலகை பாத்ததுல இருந்து இருப்பு கொள்ளல. அம்மா வேற போன்ல "எங்க மக்களே வந்திருக்க"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா.

ராத்திரி பத்துக்குக் கிளம்பினா வெயில் தெரியாம ஓட்டி, காலைல வீட்டுல சாப்பிடலாம்னு நெனக்கிறேன். செயின் சத்தம் போடுது, பின் டயர் நடுவுல தட்டையா தேஞ்சிருக்கு. பின்னால பெட்டி ரெண்டு, முன்னால பெட்ரோலுக்கு வச்ச ஜெர்ரி கேன் ரெண்டு, இப்போ காலி. ஒரே மூச்சுல போகலாமா?

நாமக்கல் லாரி:
தம்பி, ராத்திரி வேண்டாம். இந்த ரோட்டுல வருசக்கணக்கா லோடு ஓட்டினவன் சொல்றேன். ரெண்டு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் எதிர்ல வர்றவன், பின்னால வர்றவன் எல்லாருக்கும் கண்ணு சொக்குற நேரம். பார்க்கிங் லைட்டு கூடப் போடாம ஓரத்துல நிக்கிற லாரி, கிட்ட போனாத்தான் தெரியும். இத்தனை நாள் மலையில முழிச்சு முழிச்சு ஓட்டியிருப்ப. ஊர் வந்துட்டோம்னு தோணினதும் உடம்பு தளர்ந்துரும், அதுதான் எனக்கு பயமா இருக்கு.

தொப்பூர் கணவாயைக் கண்டிப்பா வெளிச்சத்துல இறங்கு. சேலம் பக்கமா இறங்குறப்போ சில பேரு டீசல் மிச்சம் பண்ண நியூட்ரல்ல விடுவாங்க. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு டிரம் சூடேறி, கடைசியில பிடிக்காது. அந்த இரட்டைப் பாலத்துக்கிட்ட நடந்த விபத்துல பாதி இப்படித்தான். அதனால லோடு வண்டிக்கு முன்னால நீ இறங்காத. கண்ணாடியில தெரிஞ்சா வழி விட்டு அதை முன்னால அனுப்பு. நீ கியரைக் குறைச்சு இஞ்சின் பிடிப்புல மெதுவா வா. லாரிக்கு இடது பக்கம் ஒட்டி ஏறவே கூடாது, கேபின்ல உக்காந்திருக்கிற எனக்கு அங்க பைக் இருக்கிறதே தெரியாது.

பணகுடி:
அண்ணன் சொல்றது சரி. நான் காத்தைப் பத்திச் சொல்றேன். இது ஆடி மாசம். நாங்குநேரி தாண்டினா வலது பக்கமிருந்து அடிக்கும். நீங்க வலது பக்கம் சாஞ்சு ஓட்டிட்டு இருப்பீங்க. ஒரு லாரி உங்களை முந்துற நேரம் அது காத்தை மறைச்சுரும், வண்டி சட்டுனு லாரியைப் பாத்து இழுக்கும். லாரி தாண்டினதும் அடுத்த அடி, இடது ஓரத்துக்குத் தள்ளும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சா இன்னும் ஆடும். தோளைத் தளர்த்தி, வேகத்தைக் குறைச்சு, ரெண்டு பக்கமும் இடம் விட்டு ஓட்டுங்க.

காலி கேனைக் கழட்டிருங்க, இனி அது காத்து பிடிக்கத்தான் உதவும். ஓசூர்லயே பார்சல் ஆபீஸ்ல போட்டு விடலாம்.

எங்க பக்கம் மதியத்துக்கு மேலதான் காத்து வெறியா அடிக்கும். விடியக்காலைல ஓசூர்ல கிளம்பினா நீங்க இங்க வர்றது சரியா அந்த நேரத்துக்கு. அதனால மதுரையில தங்கிட்டு மறுநாள் இருட்டு விலகினதும் கிளம்புங்க. காத்து ஏறுறதுக்குள்ள காத்தாலை நிக்கிற முப்பந்தல் தாண்டிரலாம்.

தோவாளைக்காரன்:
முப்பந்தல் காத்துல வளந்தவன்தான் அக்கா, ஆனா பெட்டி கட்டின வண்டியில அங்க வந்ததில்ல. லாரி மறைக்கிற விஷயம் தெரியாது, ரொம்ப நன்றி. மதுரையிலயே தங்குறேன். அம்மாட்ட ஒரு நாள் தள்ளிச் சொல்லிட்டேன், "மெதுவா வா மக்களே, போதும்"ன்னா. செயினுக்கு என்ன பண்ண?

நாமக்கல் லாரி:
லடாக்ல ஆத்துத் தண்ணியில இறங்கினதுல கிரீஸ் போயிருக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டோட, அதான் பல்சக்கரத்தோட, கடைசியில செயினைப் பின்னால இழுத்துப் பாரு. பல்லு தெரியிற அளவுக்கு எழும்பினா மாத்திரு, காசு பாக்காத. எழும்பலைன்னா துடைச்சு, செயின் லூப் (எண்ணெய்) அடிச்சு, தளர்வு சரி பண்ணினா போதும். டயர் பள்ளத்துக்குள்ள இருக்கிற தேய்மானக் கட்டை மேல் ரப்பருக்குச் சமமா வந்துருச்சா பாரு. வந்திருந்தா மழையில அந்த டயர் நிக்காது, ஓசூர்லயே மாத்திட்டுக் கிளம்பு. டயர் காத்து அளவு காலைல வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பாரு, ஓடிச் சூடானப்புறம் பாத்தா கூடுதலாத்தான் காட்டும். கரூர்ல இருந்து திண்டுக்கல் வரைக்கும் வெயிலுக்கு ஒதுங்க நிழல் கம்மி, தண்ணி நிறைய வச்சுக்க.