பழைய ஹைலக்ஸுக்கு எலக்ட்ரிக் பம்ப் மாட்டின அனுபவம்

செந்தூல் ஹைலக்ஸ்:
அப்பா ஓட்டுன டொயோத்தா ஹைலக்ஸ் பிக்கப் இது, 4ஒய் எஞ்சின், கார்புரேட்டர். எஞ்சின் இதுக்கு மேல தாங்காதுன்னு பொமன் (மெக்கானிக்) அண்ணன் சொல்லிட்டாரு, ஹாஃப்கட் (வெட்டி எடுத்த பழைய காடி சாமான்) கடையில 1ஜேசெட்ங்கிற இன்ஜெக்‌ஷன் எஞ்சின் எடுத்து போட்டோம். மவுண்டிங், கியர்பாக்ஸ் எல்லாம் அருமையா முடிச்சாரு. எண்ணெய் பம்ப்லதான், அதாவது பெட்ரோல் பம்ப்லதான் பட்டேன்.

பழைய எஞ்சின்ல பம்ப் எஞ்சின் மேலயே இருந்து கேம் தட்ட தட்ட எண்ணெய இழுக்கும், கார்புரேட்டருக்கு 3, 4 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், இன்ஜெக்‌ஷனுக்கு 40 கிட்ட வேணும். அதனால வெளிய மாட்டுற எலக்ட்ரிக் பம்ப் வாங்கி, வயர் கிட்டதானே இருக்குன்னு எஞ்சின் பக்கத்துலயே மாட்டியாச்சு. கேஎல் (கோலாலம்பூர்) உள்ள சுத்துற வரைக்கும் ஒன்னும் தெரியல. ஒரு நாள் மத்தியானம் காராக் ஹைவேல கெந்திங் செம்பா ஏத்தம், பின்னாடி சாமான் வேற, காடி திணறி திணறி ஓரத்துல நின்னுடுச்சி, பக்கத்துலயே லோரிங்க போவுது, மனைவியும் பிள்ளையும் உள்ள. அந்த பயம் இன்னும் போவல. அரை மணி நேரம் ஆற விட்டு சாவி திருப்புனா ஒன்னுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது!

இந்த பம்ப் நல்லா தள்ளும், இழுக்கத்தான் வராது. தொட்டி பின்னால கீழ, பம்ப் முன்னால மேல, அதுவும் சூட்டுல. இழுக்கறப்ப பைப்புல அழுத்தம் கொறஞ்சி எண்ணெய் ஆவியாயிடும், அப்புறம் பம்ப் எத தள்ளும்? தொட்டிக்கு பக்கத்துல, அதவிட கீழ, சேசிஸ்ல மாத்துனோம்.

அதோட மீட்டர் வச்சி பாத்தா பேட்டரில 13.8 வோல்ட், பம்ப்ல 10.6தான். பழைய மெல்லிசு வயரு, சாவி வழியா வருது. இப்ப ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட ஓன் பண்ற சுவிட்ச்) போட்டாச்சு, அதோட 30ம் நம்பர் பின் பேட்டரிலேருந்து ஃபியூஸோட நேரா, 87ம் நம்பர் பின் தடிச்ச வயர்ல பம்புக்கு, எர்த்துக்கு பெயிண்ட சுரண்டிட்டு முறுக்குனோம். 13.4 வருது, பம்ப் சத்தமே மாறிடுச்சி.

பட்டர்வொர்த் வயரிங்:
அண்ணே, ரிலேவ சாவில மட்டும் ஓன் ஆவுற மாதிரி விட்டுறாதீங்க. எனக்கு ஹோஸ் கழண்டு எஞ்சின் நின்ன பிறகும் பம்ப் ஓடிக்கிட்டே இருந்திச்சி, சூடான எக்ஸாஸ்ட் மேல எண்ணெய் பீச்சுது, சாவிய பிடுங்குனதாலதான் தப்பிச்சேன். டொயோத்தா இசியுல (எஞ்சின் கம்ப்யூட்டர்) எஃப்சின்னு ஒரு வயர் இருக்கும், எஞ்சின் சுத்துறது நின்னா அதுவே ரிலேவ கட் பண்ணிடும், அதுல சேத்துடுங்க. கார்புரேட்டர் ஹோஸும் வேணாம், இன்ஜெக்‌ஷன் ஹோஸ்னு கேட்டு வாங்குங்க.

பிறை காடி:
பழைய தொட்டினா உள்ள துரு இருக்கான்னு பாருங்க. பம்புக்கு முன்னால கொஞ்சம் பெரிய கண்ணு உள்ள ஃபில்டர், பின்னால நுணுக்கமான ஃபில்டர். முன்னாலயே நுணுக்கமா போட்டா பம்ப் இழுக்க முடியாம செத்துடும், எனக்கு ரெண்டு பம்ப் அப்படிதான் போச்சு.

செந்தூல் ஹைலக்ஸ்:
நன்றி தம்பி, என்னுது சாவிலதான் இருக்கு. சனிக்கிழமை எஃப்சி வயருக்கு மாத்துறேன், ஹோஸையும் சேத்து. அது முடிஞ்சாதான் காடி சோதனைக்கு புஸ்பகோம் கொண்டு போவேன், ஜேபிஜேல (சாலை போக்குவரத்து இலாகா) எஞ்சின் மாத்துனத பதியணும்.