இக்ரா நடத்த தலைக்கு எவ்வளவு புடுங்குறாங்க? மாட்டினவங்க வந்து சொல்லுங்க

டல்லாஸ்காரன்
சின்ன ஐடி கம்பெனி, குரூப் இன்ஷூரன்ஸ் கட்டுப்படியாகாம இக்ராவுக்கு மாறினோம், அதாவது ஆளுங்க சொந்தமா ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுத்துப்பாங்க, கம்பெனி அந்தக் காசைத் திருப்பிக் குடுக்கும். அதை நடத்திக் குடுக்குற அட்மினிஸ்ட்ரேட்டர் கம்பெனியோட சேல்ஸ் ஆளு "தலைக்கு மாசம் இவ்ளோ, வேற எதுவும் கிடையாது"ன்னான். முதல் இன்வாய்ஸ்ல தலை 14. சேந்தவங்க 5 பேர்தான். மீதி 9 பேரும் புருஷன் இல்ல பொண்டாட்டி ஆபீஸ் பிளான்ல இருக்காங்க, சொந்தமா இண்டிவிஜுவல் பிளான் இல்லாதவங்களுக்கு ரூல்படி ஒரு சென்ட் குடுக்க முடியாது, ஆனா அவங்களுக்கும் சேத்து ஃபீஸ்! போன் போட்டு கேட்டா அந்தப் பொண்ணு பொறுமையா "எலிஜிபிள் சார், பார்ட்டிசிபன்ட் இல்ல, எலிஜிபிள்"னு மூணாங்கிளாஸ் பையனுக்கு சொல்றாப்ல சொல்லுது. சேந்தவங்களுக்கு மட்டும் இல்லயாம், சேரத் தகுதி இருக்கற எல்லாருக்கும் ஃபீஸாம். இன்னும் காதுல கேக்குது.

எடிசன்_ராஜா
ப்ரோ இதுல அநியாயம் எதுவும் இல்ல. பிளான் வருஷம் தொடங்க 90 நாள் முன்னாடி 14 பேருக்கும் நோட்டீஸ் போகணும், புதுசா சேர்றவங்களுக்கும் போகணும், வேண்டாம்னவன் கணக்கும் வச்சிருக்கணும், அந்த வேலைக்குத்தான் காசு. நாங்க பார்ட்டிசிபன்ட் கணக்குல போனோம், ரேட்டு கம்மியேன்னு. 3 பேருக்கு 75 டாலர் வரணும், வந்தது 150, மாச மினிமமாம். வேற எடத்துக்குப் போறோம்னா பழைய பில்லுங்க வந்து முடியற ரன்அவுட் காலத்துக்கும் தனி சார்ஜ்னு நீட்டுறான்.

கவி_அட்லாண்டா
நீங்க எல்லாரும் முதலாளி பக்கமே பேசுறீங்க. எங்க ஓனர் "ஃபீஸ் எதுக்கு தண்டம்"னு தானே எக்செல்ல வச்சு பாத்துக்கிட்டார். காசு திரும்ப வாங்க என் தெரபி பில்லை அவருக்கேதான் ஈமெயில் பண்ணணும். மறுநாள் காபி மெஷின்கிட்ட நாலு பேர் முன்னாடி "இப்ப மனசு தேவலயாம்மா?"ன்னார். நல்ல மனுஷன்தான், அக்கறையாத்தான் கேட்டார். அதுக்கப்புறம் நான் ஒரு பில்லும் அனுப்பல, கைக்காசுதான்.

பழைய_பெனிபிட்ஸ்_ஆளு
எனக்கு நடந்தது சின்ன விஷயம், ஜூலை கடைசி வாரம் "பிகோரி ஃபீஸ் நீங்களே கட்டிக்கோங்க"ன்னு அட்மினிஸ்ட்ரேட்டர்கிட்டருந்து ஒரு ஈமெயில் (மருத்துவ ஆராய்ச்சிக்குன்னு ஹெல்த் பிளானுங்க மேல அரசு போடுற ஃபீஸ் அது), அவ்ளோதான். ஆனா கோட் (விலை விவரம்) வாங்கும்போது கேக்க வேண்டியது நிறைய இருக்கு. செட்டப் ஃபீஸ் ஒரு தடவையா இல்ல ரினியூவலுக்கும் உண்டா, பிளான் டாக்குமெண்ட் திருத்தினா காசா, கார்டு குடுத்தா தனியா, 20 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா கோப்ரா (வேலையை விட்டவங்க பிளான்ல தொடர வழி தர்ற சட்டம்) வேலை அதுலயே அடங்குமா. பிகோரி பெரிய தொகை இல்ல, 2024 காலண்டர் வருஷ பிளானுக்கு சேந்தவங்க தலைக்கு 3.47 டாலரா இருந்துச்சு, மறு வருஷம் ஜூலை 31க்குள்ள வரித்துறைக்கு ஃபார்ம் 720, கட்ட வேண்டியது கம்பெனிதான், அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகபட்சம் எண்ணிக்கை எடுத்துக் குடுப்பான். அப்புறம் ஃபீஸே இல்லைன்னு வர்றவன்கிட்ட ரெண்டு மடங்கு உஷாரா இருங்க, அவன் புரோக்கர் கமிஷன்ல ஓட்டுறவனா இருக்கலாம், எந்த பிளான் தள்ளிவிட்டா தனக்கு லாபமோ அதைத்தான் உங்க ஆளுங்ககிட்ட காட்டுவான். கவி சிஸ்டர், மூணாவது ஆள் நடுவுல இருந்தா ஓனர் கண்ணுக்கு மொத்தத் தொகைதான் தெரியணும், பில்லு தெரியக்கூடாது. உங்க ஓனர்கிட்ட இதை ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க.

கவி_அட்லாண்டா
சொல்லி? வேலை யார் தருவா, நீங்களா அண்ணே?

டல்லாஸ்காரன்
ராஜா ப்ரோ, நோட்டீஸ் வருஷத்துக்கு ஒரு தடவை போகுது, ஃபீஸ் மாசாமாசம் போகுது. அதுக்கு பதில் சொல்லுங்க மொதல்ல. புது கோட் ஒண்ணு வந்திருக்கு, பார்ட்டிசிபன்ட் கணக்கு, மினிமம் 100, எங்க 5 பேருக்கு சரியா வரும். ரன்அவுட் பத்தி மட்டும் ஈமெயில்ல எழுதிக் கேட்டிருக்கேன், போன்ல சொல்றேங்குறான். விடல.