வி-கிராஸுக்கு வெளியூர் டியூன் போட்டேன். புளியரை ஏற்றத்தில் கரும்புகை, இழுவை இல்லை. உதவுங்கள்

களக்காட்டு வாழை:

வணக்கம். களக்காடு பக்கம் வாழை விவசாயம் செய்கிறோம். வண்டி 2017 இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2.5 லிட்டர், பிஎஸ்4, மேனுவல் கியர். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பிருந்த 245/70 ஆர்16 டயரை எடுத்துவிட்டு 265/75 ஆர்16 போட்டேன். இரண்டு இஞ்ச் உயர்த்தி, போன வருடம் முன்னால் விஞ்ச் வைத்த இரும்புப் பம்பரும் மாட்டினேன். இன்ஜினில் கை வைத்ததே இல்லை.

கொஞ்ச நாளாக இழுவை குறைந்த மாதிரி இருந்தது. டயர் பெரிதானதால்தான் என்று நினைத்து இன்ஜின் கம்ப்யூட்டரின் (இசியு) புரோகிராமை மாற்றித் தரும் வெளிமாநில டியூனர் ஒருவரிடம் ஃபைல் ஆர்டர் செய்தேன். கேபிள் கூரியரில் வந்தது. ஸ்டீயரிங் அடியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டி, வண்டியின் ஃபைலை லேப்டாப்பில் எடுத்து அனுப்பினேன். மறுநாள் திருத்திய ஃபைல் வந்தது, அதை ஏற்றினேன். இஜிஆரையும், அதாவது புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் அமைப்பையும், இலவசமாக அடைத்துத் தருகிறேன் என்றார், சரி என்றேன்.

நாங்குநேரி நாற்கர சாலையில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாக இருந்தது. போன வாரம் புனலூரில் தங்கச்சி வீட்டு விசேஷம். பத்துப் பதினைந்து ஏத்தன் தார், பாத்திரம் பண்டம், ஆட்கள் நாலு பேர். செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறும்போது பின்னால் ஒரே கரும்புகை. பின்னால் வந்த பைக்காரர் ஒதுங்கி நின்றுவிட்டார். இன்ஜின் விளக்கு எரிந்தது, வண்டி முக்கியது. அணைத்துப் போட்டால் சரியாகிறது, அடுத்த வளைவில் மறுபடியும் அதே கதை. கோட்டைவாசல் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை நின்றேன். சாரல் விழுந்து குளிராக இருந்த நேரம், சூட்டினால் என்று சொல்லவும் வழியில்லை.

ஸ்கேனரில் வந்த கோளாறு எண் (கோடு) பி0299. டியூனர் "உங்கள் டர்போ போய்விட்டது, ஃபைல் சரிதான்" என்கிறார். இங்கே பட்டறையிலும் டர்போவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா? இல்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவா?

பேட்டை டீசல்:

தம்பி, டர்போவைக் கழற்ற வேண்டாம். பி0299 என்றால் டர்போ கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இசியு கேட்ட காற்றழுத்தம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். டர்போ தள்ளாமலும் இருக்கலாம், தள்ளிய காற்று வழியில் எங்காவது ஓடியும் போகலாம். இரண்டாவதுதான் பட்டறையில் அதிகம் பார்க்கிறோம்.

வண்டியிலிருந்து முதலில் எடுத்த ஒரிஜினல் ஃபைல் பத்திரமாக இருக்கிறதா? இருந்தால் அதை இன்றே திரும்ப ஏற்றுங்கள். ஏற்றும்போது பேட்டரிக்கு சார்ஜர் மாட்டிக்கொள்ளுங்கள். ஏசி, லைட், பாட்டு எல்லாம் அணைந்திருக்கட்டும், லேப்டாப் தூங்கப் போகாமல் செட்டிங்கை மாற்றி வையுங்கள். பாதி எழுதும்போது வோல்டேஜ் இறங்கினால் இசியுவைக் கழற்றி மேஜையில் வைத்து வேலை பார்க்கும் நிலை வந்துவிடும்.

அப்புறம், ஆர்டர் ஃபாரத்தில் என்ன எழுதினீர்கள்? ஃபைல் அனுப்பும் முன்னால் அவர் லாக், அதாவது ஓடும்போது சென்சார்கள் காட்டும் எண்களின் பதிவு, கேட்டாரா?

களக்காட்டு வாழை:

நன்றி அண்ணாச்சி. ஒரிஜினல் ஃபைல் இருந்தது, ஏற்றிவிட்டேன். இப்போது கோடு வரவில்லை, ஆனால் பாரத்தோடு ஏறினால் லேசாகப் புகை இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் டியூனுக்கு முன்பே அந்தப் புகை இருந்தது, நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபாரத்தில் "டயர் பெரிது" என்று மட்டும்தான் எழுதினேன். லாக் யாரும் கேட்கவில்லை. அதே கேபிளில் லாக் எடுக்கும் வசதி இருக்கிறது. டியூன் ஃபைல் இருந்தபோதும் ஒன்று எடுத்திருந்தேன். மூன்றாவது கியர், முழு ஆக்ஸிலேட்டர், 2,400 ஆர்பிஎம்: கேட்ட அழுத்தம் 235, வந்தது 178. ஒரிஜினலில் கேட்டது 205, வந்தது 190. எல்லாம் கிலோபாஸ்கல். 178 என்றால் 1.78 பார். அது நல்ல அழுத்தம்தானே?

வள்ளியூர் காற்றாலை:

அந்த 178-இல் வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்திருக்கிறது. இன்ஜின் அணைந்து நிற்கும்போதே அந்த சென்சார் 100-ஐ ஒட்டித்தான் காட்டும். அதைக் கழித்தால் டர்போ கொடுத்தது 0.78 பார், கேட்டது 1.35. பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்திருக்கிறது.

டர்போவின் வேன் கட்டளை எத்தனை சதவீதம் என்று அதே வரியில் பாருங்கள். இந்த இன்ஜினில் விஜிடி டர்போ. உள்ளே சின்னச் சின்ன இதழ்கள் திறந்து மூடி அழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். இசியு அதை மூடு மூடு என்று கடைசி வரை தள்ளியும் அழுத்தம் ஏறவில்லை என்றால், ஒன்று இதழ்கள் கரி பிடித்து இறுகியிருக்கும், அல்லது காற்று ஒழுகுகிறது. ஏர் மாஸ் சென்சார் காட்டுவதையும் சொல்லுங்கள். டர்போ சோம்பினால் உள்ளே போகும் காற்றே குறையும். ஒழுக்கு என்றால் காற்று நிறையப் போகும், அழுத்தம் மட்டும் வராது.

களக்காட்டு வாழை:

வேன் கட்டளை உச்சத்தில் நிற்கிறது. ஏர் மாஸ் குறையவில்லை; டியூன் ஃபைலில் ஒரிஜினலைவிட நன்றாகவே கூடியிருக்கிறது.

வள்ளியூர் காற்றாலை:

அப்படியானால் ஒழுக்குதான். புகை ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் ஏர் மாஸ் சென்சார். அதற்கப்புறம் டர்போ, ஹோஸ், முன்னால் காற்றின் சூட்டை ஆற்றும் இன்டர்கூலர், மறுபடி ஹோஸ், கடைசியில் இன்ஜின். சென்சார் இருப்பது வாசலில். உள்ளே நுழைந்த காற்றை எண்ணி, அதற்கு எவ்வளவு டீசல் தாங்கும் என்று இசியு கணக்குப் போடுகிறது. புகை வராமல் தடுக்கும் வரம்பே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. வாசலில் எண்ணிய காற்று நடு ஹோஸில் வெளியேறிவிட்டால், இல்லாத காற்றுக்கு டீசல் ஊற்றப்படும். எரியாத மிச்சம் கரியாக வெளியே வரும்.

ஒரிஜினல் ஃபைலில் கேட்பது குறைவு, அதனால் 15 கிலோபாஸ்கல் பள்ளத்தோடு வண்டி சமாளித்தது. டியூன் அழுத்தத்தையும் டீசலையும் சேர்த்துக் கூட்டியதும் கிழிசலும் அகலமாகத் திறந்தது, பள்ளம் 57 ஆனது. ஃபைல் மோசம் என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் லாக் பார்க்காமல் ஃபைல் கொடுத்ததும், அப்புறம் பார்க்காமலே டர்போ போய்விட்டது என்று சொன்னதும் தப்பு. கண்ணுக்கு எட்டாத வண்டிக்கு வேலை பார்ப்பவருக்கு லாக்தானே கண்?

பஞ்சர் கடை கம்ப்ரஸரை வைத்தே சோதிக்கலாம். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, டர்போ வாயில் பொருந்துகிற பிவிசி மூடியில் டியூப் வால்வு பொருத்தி இறுக்குங்கள். ஒரு பாருக்கு மேல் ஏற்ற வேண்டாம், அதாவது 14, 15 பவுண்டு. சோப்புத் தண்ணீரை ஹோஸ் முழுக்கத் தடவிப் பாருங்கள், அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், மூடிக்கு நேராக முகத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

அம்பை ஆஃப்ரோடு:

இரும்புப் பம்பர் என்றீர்களே, அதன் பிராக்கெட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். எனக்கு விஞ்ச் தட்டு இன்டர்கூலர் ஹோஸை உரசி ஓட்டை போட்டது. நின்ற இடத்தில் இடைவெளி தெரியும். இன்ஜின் பாரத்தில் முறுக்கும்போது ஹோஸ் போய் இடிக்கும்.

பாளை சட்டம்:

இஜிஆரைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இலவசம் என்றாலும் அதை வாங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பிஎஸ்4 டீசலுக்குப் புகைச் சோதனையில் புகை அடர்த்தி எண்ணின் வரம்பு 1.62. பைக்காரர் ஒதுங்கி நின்ற அந்தப் புகையோடு போனால் சான்றிதழ் கிடைக்காது. டியூன், பம்பர் எல்லாமே இந்தக் கேள்விக்குள் வரும், இன்சூரன்ஸ்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு அவர்கள் கண்டுபிடித்தால் வீட்டில் உள்ளவர்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

களக்காட்டு வாழை:

கண்டுபிடித்துவிட்டோம். 8 பவுண்டு வரை ஒன்றுமில்லை. 12 தாண்டியதும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில் நுரை பொங்கியது. அம்பை அண்ணன் சொன்னது அப்படியே. பம்பர் பிராக்கெட்டின் வெட்டிய முனை உரசி, சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, கையை விட்டுத் தடவினால் எண்ணெய்ப் பிசுக்கு. டர்போ ஷாஃப்டையும் ஆட்டிப் பார்த்தோம், நன்றாக இருக்கிறது. ஒரு டர்போ காசு தப்பியது, எல்லாருக்கும் நன்றி.

புது ஹோஸும் கிளாம்பும் போட்டாயிற்று. ஒரிஜினல் ஃபைலில் இப்போது கேட்டது 205, வந்தது 203. புகை இல்லை, இழுவையும் திரும்பிவிட்டது. டியூனர் லாக்கைப் பார்த்துவிட்டு வருத்தம் தெரிவித்தார், இரண்டாவது ஃபைல் காசில்லாமல் தருகிறாராம். இந்தத் தடவை என்ன எழுதிக் கேட்க வேண்டும்?

பேட்டை டீசல்:

வண்டியை எதற்கு ஓட்டுகிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். பாரம், மலையேற்றம், தோட்டத்து மண் பாதை. குதிரைத்திறன் எண் வேண்டாம் என்றே சொல்லுங்கள். கம்பெனி கொடுத்தது 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர். அதே கிளட்ச்தான், 1,12,000 ஓடியது, மேலே பெரிய டயர். 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை (இழுவிசையை) ஏற்ற வேண்டாம், அங்கேதான் கிளட்ச் வழுக்கும். நாலாவது கியரில் மிதிக்கும்போது ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் போகிறது என்று அர்த்தம்.

டயர் கணக்கையும் கொடுங்கள். பழைய டயர் விட்டம் 749 மில்லிமீட்டர், புதியது 804. ஏழு சதவீதம் பெரிது. மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் 86-இல் போகிறீர்கள். மைலேஜும் மீட்டர்படி 10 என்றால் உண்மையில் 10.7. டியூன் போட்டு மைலேஜ் குறைந்தது, கூடியது என்று பேசுகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எல்லா கியரும் ஏழு சதவீதம் உயர்ந்த மாதிரிதான் இருக்கும். அதை எந்த ஃபைலும் மாற்றாது, ஏற்றத்தில் ஒரு கியர் முன்னதாகக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

பம்பர், விஞ்ச், மாற்றிய ஹோஸ், வந்த கோடு எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். இஜிஆர் பழையபடி வேலை செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள். ஒரிஜினல் ஃபைலில் எடுத்த புது லாக்கைச் சேர்த்து அனுப்புங்கள்.

களக்காட்டு வாழை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கேட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் இரண்டாவது ஃபைலை ஏற்றினேன். இப்போது கேட்பது 220, வருவது 217. இஜிஆர் வேலை செய்கிறது, புகைச் சான்றிதழும் வாங்கியாயிற்று. நேற்று அதே ஆட்கள், ஏறக்குறைய அதே பாரம், புளியரையில் மூன்றாவது கியரிலேயே ஏறிக் கோட்டைவாசலில் டீ குடித்தோம். விளக்கு எரியவில்லை. பிராக்கெட் முனையை வெட்டி ராவி, மேலே ரப்பர் ஒட்டியிருக்கிறேன். இப்போது ஹோஸுக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறது.

அம்பை ஆஃப்ரோடு:

மாதம் ஒரு தடவை கையை விட்டுப் பாருங்கள் தம்பி. அந்த ரப்பர் சூட்டில் ஒருநாள் உதிரும்.